கார் ஷெட்டில் ஒரு சனிக்கிழமைக் கடை

"பதினைந்து டாலருக்குக் குழந்தைக்குக் கட்டில் வாங்கிவிட்டேனாக்கும்!" என்று நான் பெருமை அடித்துக்கொண்டது சரியாக ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் பெருமையெல்லாம் காற்றாய்ப் பறந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டில் கற்றுக்கொடுத்த பாடம் பதினைந்து டாலருக்கு மேல் பெறும். பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மாக்களுக்கும், அங்கே குடித்தனம் நடத்தும் இளம் தாய்மார்களுக்கும் உதவட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், பெண்ணின் தலைப்பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து புறப்பட்டுப் போனேன். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில் வீடு. நான் போய் இறங்கியபோது பனி முழுசாக விடவில்லை. தெருவில் ஈ காக்கை கிடையாது. ஜன்னலண்டை உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், "ஏண்டி, இந்த ஊர்ல மனுஷங்களே கிடையாதா?" என்று பெண்ணிடம் கேட்டேன்.

"மே மாசம் வரட்டும்மா, பாரு" என்றாள்.

வந்தது மே. ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெரு திருவிழாவாக இருந்தது! வீட்டுக்கு வீடு கார் ஷெட்டின் கதவைத் தூக்கிவிட்டு, மேஜை போட்டுச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். துணிமணி, தட்டுமுட்டு, சைக்கிள், புத்தகம், மேஜை விளக்கு, மடக்கி வைத்த கிறிஸ்துமஸ் மரம் முதற்கொண்டு!

"என்னடி, எல்லாரும் வீட்டைக் காலி பண்றாங்களா?"

"இல்லம்மா, இதுதான் கராஜ் சேல்."

அது என்ன கராஜ் சேல்?

'கராஜ்' என்றால் கார் ஷெட். உபயோகம் தீர்ந்த சாமான்களை வீட்டுக்காரர்களே தங்கள் ஷெட்டிலும் வாசலிலும் வைத்து விற்பதுதான் கராஜ் சேல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஊருக்கு வெளியே தனித்தனி வீடுகளும், வீட்டுக்கு வீடு கார் ஷெட்டும் பெருகின. ஷெட்டில் காரை விடச் சாமான்தான் அதிகம் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்ததைக் கழிக்கப் பிறந்த வழக்கம் இது. புல்வெளியில் வைத்தால் 'யார்டு சேல்'. வீடு மாறும்போது போட்டால் 'மூவிங் சேல்'. பெரியவர்கள் காலமானபின் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் விற்றால் 'எஸ்டேட் சேல்'. கனெக்டிகட் பக்கத்தில் 'டேக் சேல்' என்பார்கள்.

இதிலே ஒரு மகா கடைவீதியும் உண்டு. மிச்சிகனில் அடிசன் என்ற சிற்றூரில் ஆரம்பித்து, தெற்கே அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் வரை, ஆறு மாநிலங்கள் வழியாக 690 மைல் நீளம்! 1987-ல் தொடங்கி நாளாவட்டத்தில் நீண்டுகொண்டே போன இந்தச் சந்தை, ஆகஸ்டு மாத முதல் வியாழக்கிழமை ஆரம்பித்து நான்கு நாள் நடக்கும்.

அதிர்ஷ்டக் கதைகளுக்கும் பஞ்சமில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2007-ல் ஒரு குடும்பம், ஒரு வீட்டு வாசலில் மூன்று டாலர் கொடுத்து ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தது. அது ஆயிரம் வருஷப் பழமையான சீனக் கிண்ணம் என்று பிறகு தெரியவந்து, 2013-ல் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. நமக்கு அப்படியெல்லாம் அடிக்காது. ஐந்து டாலர் சாமானை ஐம்பது காசுக்கு வாங்கினால் அதுவே நமக்குச் சீனக் கிண்ணம்தான்!

முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. 'யாரோ போட்டு அவிழ்த்ததை நம் குழந்தைக்கா?' என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதானே போடுகிறோம்? நன்றாக வளர்ந்த குழந்தையின் சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவதில்லையா? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதம். அப்புறம் நான்தான் முதலில் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

தேடிப் போகும் வழி

புதன், வியாழன் ராத்திரியே கைபேசியில் 'கிரெய்க்ஸ்லிஸ்ட்', 'ஃபேஸ்புக்' விளம்பரங்களைப் பார்த்து என் பெண் பட்டியல் போட்டுவிடுவாள். உள்ளூர்ப் பத்திரிகையின் வரி விளம்பரத்திலும் வரும். ஒவ்வொரு வீடாக அலைவதை விட, ஒரு குடியிருப்பு முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் போடும் விற்பனைக்குப் போனால் காரை நிறுத்திவிட்டு நடந்தே இருபது வீடு பார்க்கலாம். 'குழந்தைச் சாமான்' என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும் வீடுகளுக்கு முதலில் போகவேண்டும்.

நல்ல சாமான் வேண்டுமானால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். குறைந்த விலை வேண்டுமானால் கடை மூடுகிற நேரத்துக்குப் போங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஒரு டாலர் நோட்டும் சில்லறையும் நிறைய வேண்டும். காலை எட்டு மணிக்கு ஐம்பது டாலர் நோட்டை நீட்டினால் விற்கிறவர் என்ன செய்வார், பாவம்! பை, அளவு டேப், பொம்மைகளைச் சோதிக்க இரண்டு பாட்டரி, இவையும் கையில் இருக்கட்டும். மின்சாரச் சாமானானால் "செருகிப் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். தயங்காமல் பிளக்கைக் காட்டுவார்கள்.

பேரம் உண்டு. ஆனால் நம் திருச்சி பெரிய கடைவீதிப் பேரம் அங்கே செல்லாது. முதல் நாள் ஐம்பது காசுச் சட்டைக்கு நான் இருபது காசு என்று ஆரம்பிக்க, என் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, நீ பேசாம கார்லயே உக்காரு!" என்றாள். சாமானைப் பழித்துப் பேசக்கூடாதாம். நாலைந்து பொருளைச் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, "எல்லாத்துக்குமா ஐந்து டாலர் எடுத்துக்கறீங்களா?" என்று சிரித்துக் கேட்டால் போதும். பெரும்பாலும் சரி என்பார்கள்.

இப்படியே மூன்று சனிக்கிழமையில் நாற்பது குழந்தைச் சட்டை, ஒரு ஆடும் நாற்காலி, குழந்தை குளிக்கும் தொட்டி, கெட்டி அட்டைப் படப் புத்தகங்கள் எல்லாம் சேர்த்து ஐம்பது டாலருக்குள் முடித்தோம். நாலாவது சனிக்கிழமைதான் அந்தக் கட்டில்.

அந்தக் கட்டில்

வெள்ளை வர்ணம் அடித்த மரக் கட்டில். சுற்றிலும் குச்சித் தடுப்பு. ஒரு பக்கத்துத் தடுப்பு மட்டும் மேலும் கீழும் நகரும். அதை இறக்கிவிட்டால் குனியாமல் குழந்தையை எடுத்துவிடலாம். 'பிரசவ உடம்புக்கு எத்தனை சௌகரியம்!' என்று நினைத்தேன். தூளி கட்ட அந்த வீட்டில் உத்திரமும் இல்லை, வளையமும் இல்லை. கடைக்காரர் ஒரு பெரியவர். தம் பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான் வளர்ந்தார்கள் என்றார். இருபத்தைந்து சொன்னார். பதினைந்துக்கு முடித்தேன். அவரே வண்டியில் ஏற்றியும் கொடுத்தார்.

வீட்டு வாசலில் இறக்கும்போது எதிர் வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். தெருவைத் தாண்டி வந்து, ஒன்றும் பேசாமல் அந்தத் தடுப்பை ஏற்றி இறக்கி, பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கீழ்ப் பக்கத்து பிளாஸ்டிக் கொக்கி ஒன்று விரிசல் விட்டிருந்தது. அழுத்தியதும் தடுப்புக்கும் மெத்தைப் பலகைக்கும் நடுவில் என் முஷ்டி நுழைகிற அளவுக்கு இடைவெளி! "குழந்தை புரண்டு இதற்குள் சரிந்தால் உடம்பு இறங்கிவிடும், தலை மாட்டிக்கொள்ளும்" என்று சொல்லி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

என் பெண் கைபேசியில் தேடினாள். இப்படிப் பக்கம் இறங்கும் கட்டில்களை அமெரிக்காவில் செய்யவோ விற்கவோ கூடாது என்று 2011 ஜூன் 28-ஆம் தேதியிலிருந்து சட்டம். பழசாக விற்பதும் அதில் அடக்கம். 2000-க்குப் பிறகு இந்தத் தடுப்பு கழன்றதால் மூச்சு முட்டியும் கழுத்து இறுகியும் குறைந்தது 32 குழந்தைகள் போயிருக்கின்றன என்று அரசாங்கத்தின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புக் கமிஷனே சொல்லியிருக்கிறது. படித்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ரோஷம். "அந்தப் பெரியவரோட பிள்ளைங்க ரெண்டும் இதுலதானே வளர்ந்துச்சு? நல்லாத்தானே இருக்காங்க?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

அவர் பெண் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்: "நல்லா வளர்ந்த பிள்ளைங்களைப் பத்தித்தான் சொல்லுவாங்க அத்தை. வளராமப் போன பிள்ளையைப் பத்தி யாரும் கடை போட்டுச் சொல்ல மாட்டாங்க."

அதற்கு மேல் நான் பேசவில்லை. மறுநாளே நூறு டாலர் சொச்சத்துக்குப் புதுக் கட்டில் வந்தது. நாலு பக்கமும் நகராத தடுப்பு. ஆனால் பழைய கட்டிலை உடைத்துப் போட மனசு வரவில்லை. பதினைந்து டாலர் என்றால் அன்றைய கணக்கில் ஆயிரம் ரூபாய் அல்லவா? "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கார் ஷெட் மூலையில் சாத்தி வைத்தோம்.

பழசில் எது ஆகும், எது ஆகாது?

எதிர் வீட்டு அம்மாளிடமும், அப்புறம் பேத்தியின் டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

*தாராளமாக வாங்கலாம்:* பருத்தித் துணிகள், புத்தகங்கள், பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரங்கள், மரப் பலகை நாற்காலிகள், துவைக்கக்கூடிய எதுவும். துணியை வீட்டுக்குள் கொண்டுபோனதும் வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் மெஷினில் அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூட்டைப்பூச்சி இருந்தாலும் செத்துவிடும். கழுத்து நாடா, தொங்கும் பொத்தான் இருந்தால் வெட்டி எறியுங்கள்.

*வாங்கவே கூடாது:* மெத்தை, பஞ்சு அடைத்த சோபா. மூட்டைப்பூச்சி ஒரு முறை வீடு புகுந்தால் லேசில் போகாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*கார் சீட்:* குழந்தையைக் காரில் உட்காரவைக்கும் இந்த ஆசனத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அடியில் போட்டிருக்கும். விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாத விரிசல் இருக்கும். விற்பவர் முன்பின் தெரியாதவர் என்றால் தொடாதீர்கள். சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படித்தான். ஒரு அடி தாங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

*கட்டில்:* பக்கம் இறங்கினால் வேண்டாம். குச்சிகளின் இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு கோலா டின் நுழைந்தால் அது ஆகாத கட்டில். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கெட்டி மெத்தையும் இழுத்துப் போட்ட விரிப்பும் தவிர தலையணை, பொம்மை எதுவும் வைக்காதீர்கள். தடுப்பைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தையையும், சாய்வான தூங்கும் தொட்டிலையும் 2022-ல் அங்கே சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள்.

*வர்ணம் அடித்த பழைய சாமான்:* வீட்டு வர்ணத்திலும் பொம்மையிலும் ஈயம் சேர்ப்பதை அமெரிக்காவில் 1978-ல் தடுத்தார்கள். அதற்கு முந்தியது என்று சந்தேகம் வந்தால் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். குழந்தைகள் எதையும் கடிக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

*பொம்மை:* பாத்ரூம் காகிதம் சுற்றிய அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது, தொண்டையில் அடைக்கும். பொத்தான் போன்ற பாட்டரி போட்ட பொம்மையில் மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். அந்தப் பாட்டரியை விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

*நடைவண்டி:* உட்கார்ந்து உருட்டும் 'வாக்கர்' நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. கனடாவில் 2004 முதல் அதை விற்கவே கூடாது. கராஜ் சேலில் வைத்தாலும் குற்றம். படியில் உருண்டு மண்டை உடைந்த குழந்தைகள் அத்தனை பேர்!

எதை வாங்கும் முன்பும் அடியிலுள்ள சீட்டில் மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் பார்த்து, அந்தக் கமிஷனின் இணையதளத்தில் 'திரும்பப் பெற்ற பொருள்' பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அங்கிருந்து மிக்ஸி, கிரைண்டர் என்று ஊருக்குத் தூக்கி வராதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. செருகியவுடனே புகைதான்.

நாங்கள் போட்ட கடை

ஜூலையில் பேத்தி பிறந்தாள். சுகப் பிரசவம். செப்டம்பரில் மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல். "சாமானைக் கழிக்கணும். நாமளே ஒரு கராஜ் சேல் போட்டுடலாமா?" என்றாள் பெண். எனக்கோ ஒரே உற்சாகம்!

முதலில் ஊராட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டோம். சில ஊர்களில் கட்டணம் கட்டவேண்டும், வருஷத்துக்கு இத்தனை முறைதான் என்று கணக்கும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வீடு என்றால் கூட்டம் தானாக வரும். அட்டையில் கொட்டை எழுத்தில் தேதி, விலாசம், அம்புக்குறி மட்டும் போட்டுச் சொந்தக் குச்சியில் நட்டோம். விளக்குக் கம்பத்தில் ஒட்டினால் பல ஊர்களில் அபராதம்.

எல்லாவற்றிலும் விலைச் சீட்டு. புதுசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். துணியைக் குவித்தால் யாரும் தொடமாட்டார்கள். கொடியில் மாட்டினால் நின்று பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் சுத்தி, ஸ்பானர் வகையறாவைத் தெருப்பக்கம் வைக்கச் சொன்னாள் எதிர் வீட்டு அம்மாள். அதைப் பார்த்துத்தான் புருஷர்கள் காரை நிறுத்துவார்களாம். நிஜம்தான், நிறுத்தினார்கள்! ஐம்பது டாலருக்குச் சில்லறை மாற்றி இடுப்புப் பையில் நான் வைத்துக்கொண்டேன். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியும் என் இடுப்பில்.

ஒன்பது மணிக் கடைக்கு ஏழே முக்காலுக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். பதினோரு மணிக்குள் பாதி மேஜை காலி.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இருபது வயசு இருக்கும். நிறைமாதம். கூட யாரும் இல்லை. குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, விலையைப் பார்த்து, சிலதைத் திரும்ப வைத்தாள். பிறகு ஷெட் மூலையில் சாத்தியிருந்த வெள்ளைக் கட்டில் கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு போர்வை போட்டு மறைக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

"அது விற்பனைக்கா? முப்பது டாலர் தருகிறேன்" என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன், என் மனசு ஒரு நிமிஷம் ஆடியது. முப்பது டாலர்! போட்டதற்கு இரட்டிப்பு. நாளைக்கு நாங்கள் ஊரை விட்டே போகப்போகிறோம். யார் கேட்கப்போகிறார்கள்?

"நோ" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. தனக்கு விற்கப் பிடிக்காமல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கோ விளக்கிச் சொல்லுமளவுக்கு இங்கிலீஷ் வராது. கையைப் பிடித்து அழைத்துப் போய், தடுப்பை அழுத்தி, அந்த இடைவெளியில் என் முஷ்டியை விட்டுக் காட்டினேன். "பேபி" என்று சொல்லி என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

அதற்குள் என் பெண் ஓடிவந்து, எந்தச் சட்டம், எந்தப் பட்டியல் என்று அவள் கைபேசியிலேயே எடுத்துக் கொடுத்தாள். பேத்திக்குச் சிறிதாகிவிட்ட சட்டைகளை ஒரு பையில் போட்டு நான் கொடுத்தேன். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அந்தப் பெண் ஒரு டாலரை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனாள். அவள் குழந்தைக்குக் கட்டில் எங்கே வாங்கினாளோ, எனக்குத் தெரியாது.

கடைசி ஒரு மணி நேரம் எல்லாம் பாதி விலை. மிச்சத்தைத் தர்ம ஸ்தாபனத்துக்கு அனுப்பிவிட்டுக் கணக்குப் பார்த்ததில் எங்கள் பங்கு நூற்று எண்பத்தேழு டாலர்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை ரம்பத்தை எடுத்தார். விற்காமல் எஞ்சியது அது ஒன்றுதான் அவரிடம்! கட்டிலை முழுசாகக் குப்பைக்கு வைத்தால் போகிறவர் வருகிறவர் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று துண்டு துண்டாக அறுத்தார். கொக்கிகளை நான் பொறுக்கித் தனியே கட்டிப் போட்டேன். மே மாதமே செய்திருக்க வேண்டிய வேலை.

சகோதரிகளே, பழசு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பழசை விற்பதிலும் இல்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் வாக்கரையோ தொட்டிலையோ பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுக்கும் முன்பு, ஒரு தடவை கீழே இறக்கி, ஆட்டிப் பாருங்கள். நம் பேரக் குழந்தையை அதில் விட மனசு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால், ரம்பத்தை எடுங்கள்.